கடல் கடந்து வந்த கொடி

திருப்பலியின் காணிக்கை வேளையில் கிண்ணத்தில் நாம் வார்க்கும் இரசம் மிகச் சிறிதளவே. அதனோடு ஒரு துளி நீரைச் சேர்க்கிறோம், கிண்ணத்தை உயர்த்துகிறோம், மன்றாடுகிறோம். அந்தச் சில துளிகள் எந்த நிலத்தில் விளைந்தவை, எவருடைய கைகள் பறித்தவை என்று எண்ணிப் பார்க்கும் நாள்கள் அரிது. குருக்களாகிய நாமே எண்ணாதபோது இறைமக்களைக் குறை கூறுவதற்கில்லை.

கடந்த தை மாதத்தில் திருவரங்கத்தில் ஓர் இல்லத்தில் அன்பியக் கூட்டம் நடைபெற்றது. திராட்சைத் தோட்ட வேலையாள்களைப் பற்றிய உவமை வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்த இளைஞர் ஒருவர், "சாமி, நம்மில் யாராவது திராட்சைத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறோமா?" என்று வினவினார். ஒருவரும் பார்த்ததில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே வாழ்வோர் நெல்லை அறிவர், வாழையை அறிவர், திராட்சையைக் காந்தி சந்தையின் கூடைகளில் மட்டுமே கண்டிருக்கின்றனர். ஆண்டவர் தம்மையே திராட்சைக் கொடிக்கு ஒப்பிட்டுப் பேசினார். அந்தக் கொடியோ நமக்கு வெறும் சொல்லாகவே இருந்துவந்துள்ளது. எனவே பேருந்து ஒன்றை அமர்த்திக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கிற்குச் சென்று, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, பழத்தைச் சுவைத்து, அங்கேயே உண்டு திரும்புவது என்று முடிவாயிற்று.

எல்லாரும் மகிழ்ந்தனர். ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் திருவரங்கத்து வீதியொன்றில் பூக்கட்டி விற்று இரு பிள்ளைகளை வளர்த்தவர். குடியினால் கணவரை இழந்தவர். கூட்டம் கலைந்தபின் நம்மருகில் வந்து மெல்லக் கேட்டார்: "தோட்டத்தைப் பார்க்க நானும் வரேன் சாமி. ஆனா அந்தப் பழத்துல இருந்துதானே மதுவும் வருது? என் வீட்டை அழிச்சது குடிதானே? அதை நீங்க பீடத்துல வைக்கிறீங்களே, எப்படி?"

குருமடத்தில் பயின்ற இறையியல் அந்நேரத்தில் நமக்குக் கைகொடுக்கவில்லை. ஏதோ சொல்லி அனுப்பி வைத்தோம். ஆயினும் கேள்வி நம்மை விடவில்லை. பேருந்து திண்டுக்கல் நோக்கி விரைந்த அந்த அதிகாலையில், இந்தக் கிண்ணம் நம் மண்ணுக்கு வந்த வரலாற்றையே மனம் திரும்பத் திரும்ப அசைபோட்டது.

தமிழ் மண்ணுக்குத் திராட்சை மது புதிதன்று. ஆனால் அது என்றுமே கடல் வழியாக வந்த பொருள். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த நறுமண மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிபுளுசு' என்னும் கிரேக்க நூல், முசிறியில் இறங்கிய பொருள்களுள் சிறிதளவு மதுவையும் சேர்க்கிறது. நம் உறையூரை 'அர்கரு' என்னும் பெயரால் குறித்து, அதன் மெல்லிய துணிகளைப் போற்றுவதும் அந்நூலே. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மது நிரப்பி வந்த உரோமைச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. உறையூர்த் துணி மேற்கே சென்றது. மேற்கத்திய மது கிழக்கே வந்தது. முந்திரிகை, கொடிமுந்திரி என்னும் பழஞ்சொற்கள் நம் மொழியில் இருந்தும், அரசரும் செல்வரும் அருந்திய அந்த மது அயலார் சாடியிலேயே வந்தது.

நற்செய்தி வந்தபோதும் இதே நிலைதான். மலபாரின் தோமையார் கிறிஸ்தவர்கள் உலர்ந்த திராட்சையை ஓரிரவு நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அச்சாற்றைத் திருப்பலிக்குப் பயன்படுத்தினர் என்று, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா எழுதிவைத்துள்ளார். அந்த உலர் பழமும் மெக்காவிலிருந்தும் ஓர்மூசிலிருந்தும் கப்பலில் வந்ததே. நிறத்தாலும் சுவையாலும் உண்மையான இரசம் என்று அறியக்கூடியதாயின், உலர்திராட்சையிலிருந்து பெற்ற இரசத்தைப் பயன்படுத்தலாம் என்று உரோமை பின்னர் இசைவளித்தது. கொடி இல்லாத நாடுகளில் திருப்பலி நின்றுவிடலாகாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

இனி, நம் மதுரை மறைப்பணித்தளத்திற்கு வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அங்கு ஒரு கசப்பான உண்மையைக் கண்டார். ஐரோப்பியரை மக்கள் பறங்கியர் என்றனர். பறங்கியர் என்றால் மாட்டிறைச்சி உண்போர், மது அருந்துவோர், தூய்மை பேணாதோர் என்பது அக்காலத்து எண்ணம். பறங்கியரின் மதம் என்ற பெயரே நற்செய்திக்குக் கதவடைத்தது. எனவே நொபிலி துறவியின் காவியுடை பூண்டார். இறைச்சியையும் மீனையும் மதுவையும் துறந்தார். நாளுக்கொருமுறை சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். நாயக்கரின் தலைநகராக அந்நாளில் விளங்கிய திருச்சிராப்பள்ளிக்கும் அவர் பணி பரவிற்று. அவருடைய முறைகளைக் குறித்து எழுந்த வழக்கில் திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623இல் அவருக்குச் சார்பாக ஆணையிட்டார். இவையெல்லாம் நாம் அறிந்தவை. இவற்றினூடே ஒன்றை மட்டும் நாம் உற்று நோக்கத் தவறிவிட்டோம்.

மதுவை முற்றும் துறந்த அந்தத் துறவி, நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றினார். திருப்பலிக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. எனவே அவருடைய மடத்தில், மறுக்கப்பட்ட அந்தப் பொருளும் சிறிதளவு இருந்தாக வேண்டும். மேசையில் அவர் மதுவை ஏற்கவில்லை, பீடத்தில் விலக்கவில்லை. மேசையில் விட்டதனால்தான் பீடத்தில் அதைக் கறையின்றி உயர்த்த அவரால் இயன்றது என்று நமக்குத் தோன்றுகிறது. பூ விற்கும் அந்தத் தாயின் கேள்விக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் தம் வாழ்க்கையால் விடையளித்துவிட்டார். அந்த விடையை மறந்தவர்கள் நாம்.

வத்தலக்குண்டையும் பெரியகுளத்தையும் கடந்து தேனியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. சின்னமனூர், உத்தமபாளையம் என்று செல்லச் செல்ல, சாலையின் இரு புறமும் பச்சைப் பந்தல்கள் தோன்றலாயின. மேற்கு மலைத்தொடரின் நிழலில், சுருளிப்பட்டியை ஒட்டிய ஒரு தோட்டத்தின் வாயிலில் பேருந்து நின்றது.

இப்பகுதியில் விளையும் கரு நீலத் திராட்சையைப் பன்னீர்த் திராட்சை என்பர். பன்னீரைப் போன்ற மணம் உண்டு என்பதால் அப்பெயர். 2023இல் 'கம்பம் பன்னீர்த் திராட்சை' புவிசார் குறியீடு பெற்றது. 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவரே இதனைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்ற செய்தி அப்போது பரவலாகப் பேசப்பட்டது. கத்தோலிக்கராகிய நமக்கு அது பெருமை தரும் செய்தியே. எனினும் வரலாற்றை எழுதுகையில் பெருமையைச் சற்று ஒதுக்கிவைத்தல் நலம். பன்னீர்த் திராட்சையின் அறிவியல் வழக்கிலான பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அந்த இரகம் இங்கிலாந்தின் ஒரு மாளிகைத் தோட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாயிற்று என்று திராட்சை ஆய்வாளர் கூறுவர். அவ்வாறாயின் 1832இல் நடப்பட்ட கொடியும் இன்று நாம் காணும் கொடியும் ஒன்றாக இருத்தல் அரிது. அந்தக் குரு விட்டுச்சென்றது ஓர் இரகத்தை அன்று, இம்மண்ணிலும் கொடி வளரும் என்ற நம்பிக்கையை என்று கொள்வதே பொருத்தம்.

அக்காலச் சூழலையும் நினைவிற்கொள்வோம். இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின், மதுரை மறைப்பணித்தளத்தின் பொறுப்பு புதுச்சேரியிலிருந்த பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபைக் குருக்களிடம் வந்தது. பரந்த நிலப்பரப்பு, விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள். மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையினர் 1838இல்தான் இங்குத் திரும்பினர். 1846இல் மதுரைத் திருத்தூதரக மறைமாவட்டம் அமைந்தது. அதன் தலைவரான அலெக்சிஸ் கனோஸ் ஆண்டகை திருச்சியிலிருந்து பணியாற்றினார். பின்னர் திருச்சி மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். 1938இல் மதுரை தனி மறைமாவட்டமாகப் பிரியும் வரை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கும் திருச்சி ஆயரின் பொறுப்பிலேயே இருந்தது. அயலூருக்குச் சுற்றுலா வந்ததாக எண்ணிய நம் மக்கள், தம் பாட்டன்மாரின் மறைமாவட்டத்திற்குள்தான் வந்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு வியந்தனர்.

அந்த நாள்களில் இரசம் மாதக்கணக்கில் கப்பலில் பயணம் செய்து, பின்னர் மாட்டுவண்டியில் உள்நாட்டுக்கு வரவேண்டும். வெப்பத்தில் அது புளித்துக் காடியாகிவிட்டால் திருப்பலிக்கு ஆகாது. எனவே திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தை வரையறைக்கு உட்பட்டுச் சேர்த்து இரசத்தைப் பாதுகாக்க, உரோமை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இசைவு தந்தது. இன்று நம் நாட்டில் விளைந்த திராட்சையிலிருந்தே திருப்பலி இரசம் தயாராகிறது. இதை நாம் எவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்கிறோம்!

தோட்டக்காரர் எங்களைப் பந்தலுக்குள் அழைத்துச் சென்றார். வரிசை வரிசையாகக் கல்தூண்கள். அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். கம்பிகளின் மேல் கொடி. தலைக்கு மேல் பச்சைக் கூரை. கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும் கனிகள். கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம் என்றார். குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் உறங்கி, ஆண்டுக்கு ஒரே முறை காய்க்கும். இங்கோ ஒரு தோட்டத்தில் அறுவடை, அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் கவாத்து என்று ஆண்டு முழுவதும் பறிப்பு நடக்கிறது.

கவாத்தின்போது எவ்வளவு வெட்டுவீர்கள் என்று ஒருவர் கேட்டார். "பார்க்கறவங்களுக்குக் கொடியே செத்துப்போச்சுன்னு தோணும். அப்படி வெட்டினாத்தான் காய்க்கும்" என்றார் தோட்டக்காரர். யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தைப் பற்றி நாம் ஆற்றிய மறையுரைகள் அனைத்தையும்விட அந்த ஒரு சொல் எங்கள் மக்களுக்கு அதிகம் விளக்கிற்று.

தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டபோது, மலையைக் காட்டினார். மேற்கே சென்று கடலில் கலக்க வேண்டிய பெரியாற்று நீரைப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895இல் அந்த நீர் இப்பள்ளத்தாக்கில் இறங்கிற்று. இங்குள்ள மக்கள் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டும் அளவிற்கு அவரை நன்றியோடு நினைக்கின்றனர். கொடி கடல் கடந்து வந்தது. நீர் மலை கடந்து வந்தது. இரண்டையும் ஒன்றுசேர்த்துக் கனியாக்கியவர்கள் இம்மண்ணின் உழவர்கள்.

அவர்களுடைய உழைப்பையும் கண்டோம். பந்தலின் கீழ் வேலை செய்வோர் நாள் முழுதும் கைகளை மேலே உயர்த்தியே நிற்க வேண்டும். பெண்கள் சிலர் அண்ணாந்து நோக்கியவாறு, சிறு கத்தரிக்கோலால் கொத்துகளில் பழுதான மணிகளை நீக்கிக்கொண்டிருந்தனர். கழுத்து வலிக்காதா என்று எங்கள் பெண்கள் கேட்க, "பழகிப்போச்சுக்கா" என்று சிரித்தனர். உயர்ந்த அந்தக் கைகளைக் கண்டபோது, பீடத்தில் கைகளை விரித்து நாம் நிற்கும் சில நிமிடங்கள் நினைவுக்கு வந்தன. நம் கைகள் உயர்வதற்கு முன் இவர்களைப் போன்றோரின் கைகள் உயர்ந்திருக்க வேண்டும்.

பின்னர்ப் பழங்களைக் கழுவித் தட்டுகளில் வைத்தனர். அப்போதே பிழிந்த சாற்றையும் குவளைகளில் தந்தனர். பூ விற்கும் அந்தத் தாயும் குவளையை வாங்கி, ஒரு வாய் அருந்தினார்.

"இதை அப்படியே வச்சிருந்தா என்ன ஆகும்?" என்று தோட்டக்காரரிடம் கேட்டார்.

"ரெண்டு மூணு நாள்ல பொங்க ஆரம்பிச்சிடும்மா."

அவர் சற்று நேரம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்மிடம் சொன்னார்: "பழத்து மேல எனக்குக் கோபம் இல்ல சாமி. ஆனா நீங்க கிண்ணத்தைத் தூக்கறப்பல்லாம் எனக்கு அவரு ஞாபகம் வருது. அந்த நேரத்துல வேற எதையாவது நினைச்சுக்கலாம்னு பார்க்கறேன், முடியல."

நம் நாட்டில் இந்த வேதனை ஒரு வீட்டோடு நிற்பதன்று. 1937இல் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது, 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது, 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் அக்கடைகளைக் கடந்தே செல்கின்றனர்.

திருச்சபையும் இதை அறியாததன்று. நோவா திராட்சைத் தோட்டம் அமைத்து, குடித்து, தன்னிலை இழந்து கிடந்ததைத் தொடக்கநூல் மறைக்கவில்லை. குருக்களிலும் குடிநோய்க்கு ஆளானோர் உண்டு. ஒரு சொட்டு மதுவும் தீங்காகும் நிலையிலுள்ள குரு என்செய்வார்? அவர் ஆயரின் இசைவோடு 'முஸ்தும்' என்னும் புதுச்சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்றலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003இல் ஆயர்களுக்கு எழுதிய மடலில் உறுதிப்படுத்தியுள்ளது. சாற்றின் இயல்பு மாறாமல், அது புளித்து மதுவாவதை உறையவைத்தோ அதுபோன்ற வேறு முறையிலோ நிறுத்திய சாறு அது. இதனை அந்தத் தாய்க்குச் சொன்னோம். "அப்போ சாமியாருங்களுக்கும் அந்த நோய் வருமா?" என்றார். வரும் என்றோம். பிறர் அதைச் சொல்ல அவர் கேட்டதில்லை போலும். வியப்போடு நம்மை நோக்கினார். அந்த நோக்கில் குற்றச்சாட்டு இல்லை; ஏதோ ஓர் ஆறுதலே இருந்தது.

"அம்மா, வேறு எதையும் நினைக்க முயல வேண்டாம். கிண்ணம் உயரும்போது அவரையே நினையுங்கள். அவரையும் அதனுள் வையுங்கள். அதற்காகத்தான் அது உயர்கிறது" என்றோம். வேறு விடை நம்மிடம் இல்லை. கல்வாரியின் குருதியைக் குறிக்கும் கிண்ணத்தில் குடியால் மாண்டவருக்கு இடமில்லையெனில், வேறு யாருக்கு இடமுண்டு?

நண்பகலில் வேப்பமரத்தடியில் பாய் விரித்து உணவு பரிமாறினர். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், இறுதியில் மோர். பந்தலில் வேலை செய்த பெண்களையும் எங்களோடு அமருமாறு வேண்டினோம். முதலில் தயங்கினர், எங்கள் பெண்கள் கைப்பிடித்து அழைத்ததும் வந்தனர். வந்தவர்களும் அவர்களும் ஒரே வரிசையில் இலை போட்டு உண்டோம். அந்த விருந்தில் மது இல்லை, மகிழ்ச்சிக்கும் குறைவில்லை.

இதை எழுதும்போது நம் இல்ல விழாக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருமுழுக்கு, திருமணம், புதுமனை புகுதல், ஏன், ஊர்த் திருவிழா என்றாலும், வீட்டின் பின்புறத்தில் புட்டிகள் திறக்கப்படாத கத்தோலிக்க விழாக்கள் எத்தனை? 'கிறிஸ்தவர்கள் என்றால் குடிப்பார்கள்' என்று அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டு நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். நொபிலி துடைக்க முயன்ற அதே பறங்கிப் பெயரையே நாம் விரும்பிச் சூடிக்கொள்கிறோம். குருக்களாகிய நாமும் விலக்கல்லர். அழைத்த வீட்டில் எது வைத்தாலும் முகம் சுளிக்காமல் இருப்பதே பண்பு என்று பலமுறை வாய்மூடி இருந்திருக்கிறோம். நொபிலி மேசையில் துறந்து பீடத்தில் உயர்த்தினார். நாம் மேசையில் தாராளமாக வார்த்துவிட்டு, பீடத்துக் கிண்ணத்தை எண்ணிப் பார்க்கவும் மறந்தோம். கானாவூரில் ஆண்டவர் இரசம் அளித்தார் என்பது உண்மை. ஒரு வீட்டின் மானத்தைக் காப்பதற்காக அளித்தார் என்பதும் உண்மை. வீட்டின் மானத்தை வாங்கும் குடிக்கு அந்தப் புதுமையைத் துணைக்கழைப்பது முறையன்று.

மாலையில் புறப்பட்டோம். இராஜகோபுரத்தின் விளக்குகள் தொலைவில் தெரிந்தபோது இரவு நெடுநேரம் ஆகியிருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை பன்னீர்த் திராட்சை. பேருந்து முழுதும் அதன் மணம்.

மறுநாள் காலைத் திருப்பலிக்கு அந்தத் தாய் வந்திருந்தார். கருத்துக்காக ஒரு பெயரை எழுதித் தந்தார். கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகளாயிற்று; இதுநாள்வரை அவருக்காக ஒரு பூசை வைக்க மனம் வரவில்லை என்றார். காணிக்கை வேளையில் வழக்கம்போல் இரசத்தை வார்த்து, ஒரு துளி நீர் சேர்த்தோம். அண்ணாந்து நின்ற பெண்களின் உயர்ந்த கைகள் கண்முன் வந்தன. அந்தப் பெயரை உரக்கச் சொல்லி, கிண்ணத்தை உயர்த்தினோம். அவர் தலை குனியவில்லை. கிண்ணத்தையே நோக்கி முழந்தாளிட்டிருந்தார்.